கழிவு நீரில் போகும் உலோகம்

(கடலூர் முதுநகரில் ஆலைத் தொழிலாளர்களிடையிலும், பிறகு சிதம்பரத்தில் மாணவர்களிடையிலும் நிகழ்த்திய பேச்சின் சுருக்கம்)



விஞ்ஞான விஷயமாகப் பேசும்படி கேட்டீர்கள். நான் தட்டார் பட்டறையிலிருந்து தொடங்குகிறேன். பழைய நகையிலிருந்து சுத்தத் தங்கம் எடுப்பவர் என்ன செய்கிறார்? ஒரு பங்கு தங்கத்துடன் மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்குகிறார். மெல்லிய தகடாக அடித்து, வெடியுப்புத் திராவகத்தில் போட்டுக் காய்ச்சுகிறார். வெள்ளியும் செம்பும் கரைந்து விடுகின்றன. தங்கம் மட்டும் பழுப்புத் தூளாக அடியில் நிற்கிறது.

சரி, வெள்ளி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அந்தத் திராவகத்திலேதான் இருக்கிறது. அதில் ஒரு செப்புத் தகட்டைத் தொங்க விட்டால் செம்பு கரையும், வெள்ளி பஞ்சு போலப் படியும். மிஞ்சிய நீல நீரில் பழைய இரும்பைப் போட்டால் செம்பும் வெளியே வந்துவிடும். கணக்குப்படி 56 கிராம் இரும்புக்குச் சுமார் 63 கிராம் செம்பு கிடைக்கும். சீனத்தில் 11-ம் நூற்றாண்டிலேயே, சுரங்கத்து நீலத் தண்ணீரில் இரும்பைப் போட்டு ஏராளமாகச் செம்பு எடுத்தார்கள். நேற்று வந்த வித்தையல்ல இது. (ஒன்று சொல்லிவிடுகிறேன்: காய்ச்சும்போது எழும் செம்பழுப்புப் புகை பொல்லாதது. அப்போது இருமலோடு நின்றாலும், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆளைக் கொல்லும். மூடிய அறையில் இந்த வேலை கூடாது.)

கோலார் தங்க வயலும் இதே தத்துவத்தில்தான் நடந்தது. நம் வடாற்காடு, தருமபுரிப் பக்கத்து மக்கள் பூமிக்கடியில் வெட்டிய கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து, துத்தநாகத் தூளைப் போட்டுத் தங்கத்தைப் படிய வைத்தார்கள். கிளாஸ்கோ நகரத்தில் 1887-ல் பேடண்ட் ஆன முறை அது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் கப்பலேறிப் போயிற்று. சயனைடு மண்மேடுகள் தொழிலாளர் குடியிருப்புகளின் பக்கத்தில் நின்றுவிட்டன.

இப்போது கடலூருக்கு வருவோம். 1980-களிலிருந்து உப்பனாற்றங்கரையில் சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள் நடக்கின்றன. ரசாயனத் தொழிலில் பல இடங்களில் உலோகங்கள் கிரியா ஊக்கிகளாகப் பயன்படுகின்றன. மருந்துத் தயாரிப்பில் பல்லேடியம் என்ற உலோகம் உண்டு. மிகவும் விலை உயர்ந்தது. அதை எந்த முதலாளியாவது சாக்கடையில் விடுவாரா? வடிகட்டிய துணியைக்கூட எரித்துச் சாம்பலிலிருந்து மீட்பார்கள். அதே ஆலையில் செம்பும் துத்தநாகமும் கழிவோடு போகுமானால், அவற்றை எடுக்க ரசாயனம் தெரியாததனாலா? இல்லை. விலை மலிவு, ஆகவே விட்டுவிடலாம் என்பதுதான் கணக்கு. மீனவன் வலையில் விழும் நஷ்டம் அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

தோல் தொழிலைப் பாருங்கள். பதனிடும்போது போடுகிற குரோமியத்தில் சாதாரணமாக 100-க்கு 60, 70 பங்குதான் தோலில் ஏறும். மிச்சம் பச்சைத் தண்ணீராகப் போய்விடும். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளிய வழி காட்டிற்று. பச்சைத் தண்ணீரில் மக்னீசியம் ஆக்ஸைடைக் கலக்கினால் குரோமியம் கெட்டியாக அடியில் தங்கும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, வண்டலைக் கந்தகத் திராவகத்தில் கரைத்தால் மறுபடியும் தோலுக்குப் போடலாம். போட்ட பணம் திரும்பி வருகிறது. அப்படியிருந்தும், வேலூர்ப் பகுதியின் தண்ணீர் கெட்ட பிறகு, 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது!

சிதம்பரத்தில் ஒரு மாணவர் கேட்டார்: “ஆற்றில் போனதைப் பின்னால் எடுத்துக்கொள்ள முடியாதா?”

நல்ல கேள்வி. ஜெர்மன் ரசாயனி ஹேபர், முதல் உலக யுத்தத்தில் விஷ வாயுவுக்கு வழி வகுத்தவர், 1920-களில் ஜெர்மனியின் யுத்த நஷ்ட ஈட்டைக் கட்டுவதற்காகக் கடல் நீரிலிருந்து தங்கம் எடுக்கப் புறப்பட்டார். கப்பலில் ஆய்வுக்கூடம் வைத்து ஊர் ஊராய் நீர் எடுத்துச் சோதித்தார். எதிர்பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தங்கம் இருந்தது. திட்டத்தையே கைவிட்டார். தங்கத்துக்கே அந்தக் கதியென்றால், உப்பனாற்றில் கலந்த செம்பை யார் எடுப்பார்? மீனும் நண்டும் மட்டிச்சிப்பியும்தான் எடுக்கும்! ஆற்று வண்டலில் உலோகம் சேர்வதைப் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தார் பல முறை அளந்திருக்கிறார்கள்.

ஆகையால் விஷயமெல்லாம் தொட்டியடியில் இருக்கிறது. கரைசல் கெட்டியாக இருக்கும்போது, வேறு கழிவோடு கலப்பதற்கு முன்னால் பிடித்தால் செலவு குறைவு. செம்பு நீர் தனிக் குழாய், சாயநீர் தனிக் குழாய், கழுவிய நீர் தனிக் குழாய் என்று இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கால்வாயில் விட்டுக் கலக்கிவிட்டு, “மீட்பது கட்டுபடியாகாது” என்று நிர்வாகம் சொன்னால், அது கலக்கியவனே சொல்லும் சாக்கு. எந்தக் குழாய் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, எந்த ஷிப்டில் எந்த வால்வு திறக்கிறது என்பது பார்வையிட வரும் அதிகாரியைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சுண்ணாம்பு போட்டு உலோகத்தைப் படிய வைத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று சொல்லுவார்கள். அந்த வண்டல் எங்கே போகிறது என்று கேளுங்கள். ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை மூடிய பிறகு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து கிடந்தது. மழைக்கு மழை மஞ்சள் நீராக நிலத்தில் இறங்கிற்று. வண்டல் மூட்டையைச் சுமப்பவர் பெரும்பாலும் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவருக்குக் கையுறை உண்டா, மூட்டையில் என்ன இருக்கிறதென்று அவரிடம் யாராவது சொன்னார்களா, லாரி எந்த ஊருக்குப் போகிறது? அடுத்த சங்கக் கூட்டத்தில் முதலில் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.