கல்லும் சொல்லும்: கிராண்ட் கல்லறை



அமெரிக்காவில் ஒரு பழைய கேலிக் கேள்வி உண்டு. "கிராண்ட் கல்லறையில் புதைக்கப்பட்டிருப்பவர் யார்?" என்பதே அது. 1950களில் குரௌச்சோ மார்க்ஸ் என்னும் நகைச்சுவைக் கலைஞர் தம் வினா நிகழ்ச்சியில், எல்லாக் கேள்விகளுக்கும் தவறாக விடை சொல்லித் தோற்றுப் போனவர்களிடம் இதைக் கேட்பார். வெறுங்கையோடு அனுப்ப மனமின்றி ஒரு சிறு பரிசு கொடுப்பதற்கான ஏற்பாடு அது. விடைதான் கேள்விக்குள்ளேயே இருக்கிறதே! ஆனால் நுணுகிப் பார்த்தால் அந்த விடையும் பிழையாகும். அங்கே மண்ணுக்குள் புதைக்கப்பட்டவர் எவருமில்லர். யுலிசிஸ் கிராண்டும் அவர் துணைவியார் ஜூலியாவும் இரண்டு சிவப்புக் கிரானைட் பேழைகளுக்குள் அருகருகே துயில்கின்றனர்.

நாட்டின் 18ஆவது குடியரசுத் தலைவருக்காக மக்கள் பணம் திரட்டி எழுப்பிய நினைவுச் சின்னம் ஒரு கேலிக் கேள்வியாகச் சுருங்கியது. அதே மனிதர் சாவுக்குச் சில நாள் முன்பு எழுதி முடித்த நூலோ இன்றளவும் சுருங்காமல் நிற்கிறது. இவ்விரண்டு நினைவுச் சின்னங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் கல்லைப் பார்க்கலாம். நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில், ஹட்சன் ஆற்றின் உயர்ந்த கரையில், ரிவர்சைட் பூங்காவில் இக்கல்லறை நிற்கிறது. உயரம் 150 அடி. 8,000 டன்னுக்கும் மேற்பட்ட கிரானைட் கல்லால் ஆனது. வட அமெரிக்காவிலுள்ள கல்லறை மாளிகைகளுள் இதுவே மிகப் பெரியது. கட்டடக் கலைஞர் ஜான் டங்கன், பண்டைக் காலத்தில் ஹாலிகார்னசஸ் நகரில் மௌசோலஸ் மன்னனுக்கு எழுப்பப்பட்ட கல்லறையை மனத்திற்கொண்டு இதன் வெளித்தோற்றத்தை வகுத்தார். உள்ளே, பாரிஸில் நெப்போலியன் துயிலும் இடத்தைப் போல, மேல்தளத்தின் நடுவில் வட்டமாகத் திறப்பு விட்டிருக்கிறார். வருவோர் அதன் வழியே குனிந்துதான் கீழேயுள்ள பேழைகளைக் காண முடியும். பார்ப்பவன் அறியாமலே தலை வணங்கும்படியான அமைப்பு அது.

முகப்பின் உச்சியில், இரண்டு பெண்ணுருவச் சிற்பங்களுக்கு இடையில் ஒரே ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. நமக்கு அமைதி வேண்டும் என்பது அதன் கருத்து. 1868இல் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட இசைந்து கிராண்ட் எழுதிய கடிதத்தில் வரும் நான்கே ஆங்கிலச் சொற்கள் அவை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்ட உள்நாட்டுப் போரை வென்ற தளபதியிடமிருந்து பிறந்த சொற்கள். அத்தனை டன் கல்லைச் சுமந்து நிற்கும் அந்த மாளிகை உலகிற்குச் சொல்வதற்கு வைத்திருப்பது அந்த நான்கு சொற்களைத்தான்.

கிராண்ட் 1885 ஜூலை 23ஆம் நாள் மறைந்தார். மேற்கு முனைப் படைக் கல்லூரியில் அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம். ஆனால் அங்கே மனைவிக்கு இடம் கிடைக்காது. ஜூலியாவுக்குத் தம் பக்கத்தில் இடம் வேண்டும் என்பது ஒன்றே அவர் விதித்த நிபந்தனை. அதனாலேயே நியூயார்க் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகஸ்டு 8ஆம் நாள் நடந்த இறுதி ஊர்வலத்தில், அவருடன் சேர்ந்து போரிட்ட ஷெர்மனும் ஷெரிடனும் வந்தனர். அவரை எதிர்த்துப் போரிட்ட தென்மாநிலத் தளபதிகளான ஜான்ஸ்டனும் பக்னரும் உடன் வந்தனர். 90,000க்கும் மேற்பட்ட மக்கள் கொடுத்த ஆறு லட்சம் டாலருக்கும் அதிகமான நிதியில் கல்லறை எழுந்தது. நிதி திரட்டிய சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ரிச்சர்ட் கிரீனர். ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1897 ஏப்ரல் 27ஆம் நாள், கிராண்டின் 75ஆவது பிறந்த நாளில் கல்லறை திறந்து வைக்கப்பட்டது. ஜூலியா 1902இல் மறைந்து கணவரின் அருகே இடம் பெற்றார்.

இது ஊரார் கட்டிய நினைவுச் சின்னம். இனி, அவரே கட்டிக்கொண்ட சின்னத்தைக் காண்போம்.

1884ஆம் ஆண்டு மே மாதம் கிராண்ட் ஓட்டாண்டியானார். மகனோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஃபெர்டினாண்ட் வார்டு என்பவரின் மோசடியால் நிதி நிறுவனம் கவிழ்ந்தது. கவிழ்வதற்கு இரண்டு நாள் முன்பு செல்வர் வாண்டர்பில்ட்டிடம் கைமாற்றாக வாங்கிய 1,50,000 டாலரும் அதோடு போயிற்று. தம் போர் வாள்களையும் பரிசுகளையும் அந்தக் கடனுக்காக எழுதிக் கொடுத்தார். அக்காலத்தில் ஓய்வு பெற்ற குடியரசுத் தலைவருக்கு ஓய்வூதியம் கிடையாது. பதவியேற்றபோது படைப்பணியைத் துறந்திருந்ததால் அந்த வருவாயும் இல்லை.

அந்த நிலையில்தான் 'செஞ்சுரி' இதழ் போர்க் கட்டுரைகள் கேட்டது. கட்டுரை ஒன்றுக்கு 500 டாலர். கிராண்ட் ஷைலோ போரைப் பற்றி முதலில் எழுதிக் கொடுத்தது, தலைமைச் செயலகத்திற்கு அனுப்பும் அறிக்கையைப் போல வறண்டிருந்தது. இதழின் துணை ஆசிரியர் ராபர்ட் ஜான்சன் நேரில் சென்று, படைகள் நகர்ந்த விவரம் போதாது, தாங்கள் கண்டதும் நினைத்ததும் வேண்டும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். அறுபத்திரண்டு வயதில் கிராண்ட் எழுதக் கற்றுக்கொண்டார். ஓர் இதழாசிரியர் செய்யக்கூடிய தலையாய பணி எது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

பின்னர் அவர் நூலில் எழுதிய ஷைலோ இரவைக் காண வேண்டும். முதல் நாள் போர் முடிந்து மழை கொட்டுகிறது. கணுக்காலில் அடிபட்ட தளபதி ஒரு மரத்தடியில் ஒதுங்குகிறார். வலி தாங்காமல் நள்ளிரவில் அருகிலிருந்த மரக்கட்டை வீட்டுக்குள் நுழைகிறார். அது மருத்துவமனையாக மாறியிருக்கிறது. காயம்பட்டவர்களின் கைகளும் கால்களும் வெட்டி நீக்கப்படுகின்றன. பகைவரின் குண்டுகளைவிட அந்தக் காட்சி தாங்க முடியாததாக இருந்தது என்று சொல்லிவிட்டு, மழையில் மரத்தடிக்கே திரும்பியதாகக் குறிக்கிறார். அவ்வளவுதான். போரின் கொடுமை என்று ஒரு சொற்பொழிவு இல்லை. கண்ணீரைக் கேட்கும் அடைமொழி இல்லை. கொடுமை முழுவதும், அவர் மழைக்குத் திரும்பிப் போன அந்த நடையில் இருக்கிறது.

இந்த எளிமை எங்கிருந்து வந்தது? போர்க்களத்தில் கட்டளை எழுதிய கை அது. கட்டளையில் ஒரு சொல்லுக்கு இரு பொருள் வந்தால் ஆயிரம் உயிர் போய்விடும். அவருடைய கட்டளைகள் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக இருந்தன என்பதை உடனிருந்த அதிகாரிகள் பதிவு செய்திருக்கின்றனர்.

1884 கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது தொண்டையில் கடும் வலி எழுந்தது. ஓயாமல் சுருட்டுப் பிடித்தவருக்கு வந்தது தொண்டைப் புற்றுநோய். இனி வாழ்க்கை வரலாறு காலத்தோடு போட்டியிட்டு எழுத வேண்டியதாயிற்று. 'செஞ்சுரி' நிறுவனம் 10 விழுக்காடு உரிமைத்தொகை தருவதாக இருந்தது. மார்க் ட்வெய்ன் குறுக்கிட்டு, தம் பதிப்பகத்தின் வழியே நிகர இலாபத்தில் 70 விழுக்காடு தருவதாக ஒப்பந்தம் செய்தார். எழுத்தாளன் ஒருவன் மற்றோர் எழுத்தாளனின் உழைப்புக்கு உரிய விலையைத் தேடிக் கொடுத்த அரிய செயல் அது.

1885 ஜூன் 16ஆம் நாள் கிராண்ட் நியூயார்க் மாநிலத்திலுள்ள மெக்கிரகர் மலை வீட்டிற்குக் கொண்டு செல்லப்பட்டார். படுத்தால் மூச்சுத் திணறும். ஆகவே இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டு அதிலேயே இரவும் பகலும் கழிந்தன. குரல் போய்விட்டது. பேச வேண்டியதையெல்லாம் துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். அப்படி மருத்துவர் டக்ளசுக்கு எழுதிய ஒரு தாள், கவிஞர்கள் கூடிய இந்த அவையில் தனித்து எண்ணத்தக்கது. தாம் ஒரு தன்மைப் பெயர் அல்லர், ஒரு வினைச்சொல் என்று தோன்றுவதாக அதில் கூறுகிறார். அக்கால ஆங்கிலப் பள்ளி இலக்கணம், இருத்தலையும் செய்தலையும் படுதலையும் குறிப்பது வினை என்று வரையறுத்தது. அந்த மூன்றையும் தாமே குறிப்பதாக அவர் எழுதி வைத்தார்.

பள்ளிப் பிள்ளைகள் நெட்டுருப் போட்ட இலக்கண வரையறை ஒன்று, சாகும் மனிதன் கையில் கவிதையாகிவிட்ட இடம் இது. படுதல் என்னும் தமிழ்ச் சொல் இங்கே வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது. செயப்பாட்டுவினைக்குத் தமிழ் துணையாக அழைப்பது 'படு' என்பதையே. துன்பப்படுவதற்கும் அதே சொல்தான். 'நான்' என்பது தேய்ந்து, வலியும் எழுத்தும் மட்டுமே எஞ்சிய ஒரு நிலையை இதைவிடச் சுருங்கச் சொல்ல இயலாது.

ஜூலை மூன்றாம் வாரத்தில் நூல் முடிந்தது. 23ஆம் நாள் காலை 8 மணி 8 நிமிடத்தில் உயிர் பிரிந்தது. மகன் ஃபிரெட் நிறுத்திய கடிகாரம் அந்த வீட்டில் அதே நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு தொகுதிகளாக வெளிவந்த நூல் மூன்று லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. 1886 பிப்ரவரியில் ஜூலியாவுக்கு முதல் தவணையாக 2,00,000 டாலர் காசோலை வந்தது; மொத்த வருவாய் நான்கு லட்சம் டாலரைக் கடந்தது. மனைவி தெருவில் நிற்கக் கூடாது என்று எழுதிய நூல், அந்தக் கடமையைச் செய்து முடித்தது. நூலை அவர் அமெரிக்கப் போர்வீரனுக்கும் கடற்படை வீரனுக்கும் உரிமையாக்கினார். எந்தப் பக்கத்து வீரன் என்று குறிக்கவில்லை. அது மறதியும் அன்று. இரு தரப்பாரையும் எண்ணியே அப்படி விட்டிருப்பதாகக் குடும்பத்தாருக்கு விளக்கியிருந்தார்.

ஆனால் நூலைப் போற்றுவதற்காக அதன் குறையை மறைத்தல் தகாது. கல்லறை மூடுவதைப் போல நூலும் மூடும். இளமைக் காலத்துக் குடிப்பழக்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. 1862இல் தம் படைப் பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்றும்படி அவர் பிறப்பித்த கட்டளை, லிங்கனால் உடனே நீக்கப்பட்டது. பிற்காலத்தில் அதற்காக வருந்திய கிராண்ட் நூலில் அதைத் தொடவேயில்லை. ஊழல்கள் நிறைந்த எட்டாண்டு ஆட்சிக்கும், கறுப்பின மக்களைக் கொன்று திரிந்த கு க்ளக்ஸ் கிளான் கூட்டத்தை அவர் ஒடுக்கிய அரும்பணிக்கும் அதில் இடமில்லை. கதை போரோடு முடிந்துவிடுகிறது. தெளிவாக எழுதுவதும் முழுவதையும் எழுதுவதும் ஒன்றல்ல என்னும் பாடத்தையும் இந்நூலே கற்பிக்கிறது. ஆயினும், சரணடைந்த லீயின் எதிரே அமர்ந்தபோது மகிழ்ச்சி தோன்றவில்லை, துயரமே தோன்றியது என்று எழுதியவர், அந்த எதிரி போரிட்ட நோக்கம் மிக இழிவானது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். பகைவனிடம் இரக்கம், பகையின் காரணத்திடம் இரக்கமின்மை: இரண்டையும் ஒருசேரத் தாங்கிய உரைநடை அது.

மீண்டும் கல்லுக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பெருங்கூட்டத்தை ஈர்த்த அந்தக் கல்லறை, பின்னர் கவனிப்பாரற்றுப் போனது. 1970களிலும் அதன் பின்னரும் சுவரெங்கும் கிறுக்கல்கள்; போதைப் பொருள் புழங்குவோர் ஒதுங்கும் இடமாயிற்று. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சீர்கேட்டை அம்பலப்படுத்தி ஓயாது போராடினார். உடல்களை வேறிடம் கொண்டு செல்வதாகக் குடும்பத்தினர் எச்சரித்தனர். அதன் பிறகே 18 லட்சம் டாலர் செலவில் செப்பனிட்டு, நூறாண்டு நிறைந்த 1997 ஏப்ரல் 27இல் மீண்டும் திறந்தார்கள். கல்லுக்கும் காவல் வேண்டியிருக்கிறது. அதற்காக வாதாட ஓர் உயிருள்ள குரல் வேண்டியிருக்கிறது.

கல்லறையின் பக்கத்தில் சீன அரசியலறிஞர் லி ஹோங்சாங்கின் பெயரால் 1897இல் நடப்பட்ட மரத்தின் நினைவுப் பலகை இருக்கிறது. சுற்றிலும், 1970களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் மக்களும் வண்ண ஓடுகள் பதித்துச் செய்த வளைந்து நெளிந்த இருக்கைகள் இருக்கின்றன. கம்பீரத்துக்கு இழுக்கு என்று சிலர் அவற்றை அகற்றச் சொன்னார்கள், அவை நிலைத்துவிட்டன. ஊரார் வந்து அமரும் வரைதான் எந்தக் கல்லறையும் வாழும்.

பேழையின் மேல் அவருடைய பெயர் இருக்கிறது. பெயர்தான் கேலிக் கேள்விக்கு விடையாயிற்று. இரண்டு நாற்காலிகளுக்கு இடையே கிடந்து, குரலற்று, நாளை எண்ணி எழுதிய கையின் வினை அந்த நூலில் இருக்கிறது. தம்மை வினைச்சொல் என்று அவர் அழைத்துக்கொண்டது வெறும் சொல்லழகு அன்று. பத்தாண்டுகளாகச் சொல்லோடு உறவாடி வரும் ஓர் இலக்கிய வட்டம் அந்தத் துண்டுத் தாளை நினைவில் வைத்துக்கொள்வது பொருத்தமாகும்.