குளிரும் கருணையும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



குளிர்காலம் வந்தால் பணக்காரனுக்குக் கம்பளி, பக்தனுக்குப் பஜனை, ஏழைக்கு நடுக்கம். கவிக்கு என்ன என்று கேட்பீர்கள். ஸ்காட்லாந்து தேசத்து ராபர்ட் பர்ன்ஸ் என்பவரைப் பற்றிச் சொல்லுகிறேன்.

அவர் 1759ல் பிறந்த ஏழைக் குடியானவர் மகன். தாமே ஏர் பிடித்தவர். மேகம் மூடிய குளிர்நாளில் காற்று மரங்களில் இரைவதைக் கேட்பது தமக்குப் பெரிய இன்பம் என்று 1784ல் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தார். 1785 நவம்பரில் உழும்போது அவருடைய கொழு ஒரு சுண்டெலியின் கூட்டைக் கலைத்துவிட்டது. குளிருக்கென்று அது சேர்த்த சருகெல்லாம் பாழாயிற்று. எலிதானே என்று அவர் போகவில்லை. தாமும் அதைப்போல் சாகப் பிறந்த ஜீவன்தான் என்று உணர்ந்து, அதனிடம் வருத்தம் தெரிவித்துப் பாட்டெழுதினார்.

அவர் நாஸ்திகர் அல்ல, கடவுளை நம்பினவர்தான். ஆனாலும் அந்தக் கருணை பிரசங்கத்தில் பிறந்ததல்ல, ஏர்க்காலில் பிறந்தது. அதே வருஷத்தில்தான் சர்ச்சுப் பெரியவர் ஒருவரின் பக்தி வேஷத்தையும் பாட்டில் கிழித்தார். 1795ல், பட்டத்தையும் பணத்தையும்விட மனிதனே பெரியவன் என்று பாடினார்.

ஆகவே தோழர்களே, ஜீவகாருண்யத்துக்கு மோட்ச ஆசையும் நரக பயமும் வேண்டியதில்லை. பிறர் நடுக்கத்தைத் தன் நடுக்கமாக அறியும் புத்தி போதும். கூரையில்லாதவன் கோயில் வாசலில் சுருண்டு கிடக்க, உள்ளே கல்லுக்குப் பட்டுச் சாத்துகிறவர்களை ஒன்று கேளுங்கள்: இவ்விருவரில் யாருக்கையா குளிருகிறது?