புகார் மனுவின் பின்னால் போங்கள்



வண்டி திருட்டுப் போய்விட்டது, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டிவிட்டார் என்று காவல் நிலையம் போக நேர்ந்தால், நம்மில் பலர் முதலில் கூட வர ஒரு தெரிந்த ஆளைத்தான் தேடுகிறோம். கவுன்சிலர், வக்கீல், யாராவது ஒருவர். கல்லூரியில் காவல்துறையையும் மக்களையும் பற்றிப் படிக்கும் பிள்ளைகள் இந்தத் தயக்கத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. 1829இல் லண்டனில் ராபர்ட் பீல் அமைத்த காவல்படையிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்குவது வழக்கம். அதுவும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் நம் ஊர்த் தயக்கத்தின் வேர் 1855இல் வெளிவந்த ஓர் அறிக்கையில் இருக்கிறது. சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையத்தின் அறிக்கை அது. அன்று வரி வசூலும் போலீஸ் வேலையும் தாசில்தாரிடமே இருந்தன. வரி கட்டாத குடியானவனை வெயிலில் நிறுத்தினார்கள், குனியவைத்துக் கட்டினார்கள், விரல்களைக் கிட்டி என்ற மர இடுக்கியில் வைத்து நெரித்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இதே வழிகள்தாம். இவையெல்லாம் நடந்தது உண்மை என்று ஆணையமே எழுதியது. அதற்குப் பிறகுதான் 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டமும், 1861இல் இந்தியக் காவல் சட்டமும் வந்தன. வரியும் போலீஸும் பிரிந்தன. என்றாலும் அந்தப் படை அரசுக்கு மட்டுமே பதில் சொன்னது. ஊராருக்குப் பதில் சொல்ல அதில் வழி வைக்கவில்லை.

காவல்துறை மக்களிடம் நெருங்கிவர முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1993இல் ராமநாதபுரத்தில் காவல்துறை அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய, போலீஸுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பான 'பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அப்படி ஒன்று. 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த கொடுமைக்குப் பிறகு, அந்த அமைப்பினர்மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது, அரசு தடை விதித்தது. ஏன் இப்படி முடிந்தது என்பதை ஒரு பருவம் முழுக்கப் படிக்கலாம்.

களப்பணிக்குப் போகும் மாணவர்கள் ஒரே ஒரு மனுவின் பின்னால் போகட்டும். ஸ்டேஷன் ரைட்டர் அதை எப்படி வாங்குகிறார்? மனுவைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கிறாரா? பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசீதுக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நடுவே அந்த மனு எத்தனை நாள் கிடக்கிறது, அதற்குள் யார் யார் சமாதானம் பேசுகிறார்கள் என்று பார்த்தாலே காவலுக்கும் மக்களுக்கும் உள்ள உறவு தெரிந்துவிடும்.

திருவிழா பந்தோபஸ்தில் விடிய விடிய நின்றுவிட்டு, தூங்காமல் காலையில் ஸ்டேஷன் டியூட்டிக்கு வரும் பெண் காவலரிடமும் மாணவர்கள் பேசிப் பார்க்க வேண்டும். ஓர் ஏட்டையும், காவல் நிலையத்தில் மனு கொடுத்த ஒருவரையும் வகுப்புக்கு அழைத்து, ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். துறைத் தலைவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வரும் பருவத்திலேயே இதைச் செய்யுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.