'புட் அப்' என்னும் சிறு தொடர்

 

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவிலே ஆங்கிலத்தைப் பற்றிப் பேசுகின்றானே என்று சிலர் வியக்கக்கூடும். நான் கல்லூரிப் படி ஏறியவன் அல்லன். பள்ளி இறுதித் தேர்வோடு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கோப்புகளிடமே ஆங்கிலம் பயின்றவன். பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நமக்கு, வீட்டிலே தமிழ், வீதியிலே இந்தியும் மராத்தியும், அலுவலகத்திலே ஆங்கிலம் என்று நாள் கழிகின்றது. இவற்றுள் நம் இளைஞர்களின் வாயை அடைத்துவிடுவது பெரும்பாலும் ஆங்கிலமே. அதுவும், அகராதியைப் புரட்டச் செய்யும் நெடுஞ்சொற்கள் அல்ல. குழந்தைக்கும் தெரிந்த சிறுசொற்கள். அத்தகைய ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கின்றேன்.

'புட்' என்றால் வை, அல்லது போடு. 'அப்' என்றால் மேலே. இவ்விரண்டையும் அறியாதார் இவ்வவையில் இலர். ஆயினும் இரண்டும் கைகோத்து 'புட் அப்' என்று வரும்பொழுது நாம் தடுமாறுகின்றோம்.

ஊரிலிருந்து புதிதாக வந்து வேலையிற் சேர்ந்த ஓர் இளைஞரிடம் மேலதிகாரி ஒருவர், 'வேர் ஆர் யூ புட் அப்?' என்று அன்போடு வினவினார். 'எங்கே தங்கியிருக்கின்றீர்?' என்பதே அதன் பொருள். எங்கே, எதை மேலே வைக்கச் சொல்கின்றார் என்று விளங்காமல் இளைஞர் தலை கவிழ்ந்து நின்றார். தங்குவதற்கு ஓர் அறை தேடி அலைந்துகொண்டிருந்தவர் அவர். உதவிக்கு வழி திறந்த கேள்வி, விடையின்றியே முடிந்துபோயிற்று. மந்தமான பையன் என்ற பெயர் மட்டும் எஞ்சியது. அன்பர்களே, அறிவுக் குறைவினால் அல்ல, இரண்டு சிறுசொற்களின் சேர்க்கை தெரியாமையினால் ஒருவருக்கு இது நேர்ந்தது.

இத்தொடர் வழங்கும் இடங்களைச் சற்றுப் பார்ப்போம். வகுப்பிலே ஆசிரியர் 'புட் அப் யுவர் ஹாண்ட்' என்றால், கையை உயர்த்து என்பதாம். இங்கே 'மேலே' என்னும் நேர்ப்பொருள் அப்படியே நிற்கின்றது. அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவதும், கூரையோ கொட்டகையோ எழுப்புவதும் 'புட் அப்' என்றே சொல்லப்படும். நாமும் பந்தல் போடுகின்றோம் அன்றோ? அடுத்து, வீட்டுக்காரர் 'ஐ ஆம் புட்டிங் அப் த ரென்ட்' என்றால், வாடகையை உயர்த்துகின்றேன் என்று பொருள். அவரே 'ஐ ஆம் புட்டிங் த ஹவுஸ் அப் ஃபார் சேல்' என்றாலோ, வீட்டை விற்பனைக்கு விடுகின்றேன் என்று பொருள். முன்னதற்குக் கூடுதலாகப் பணம் தேட வேண்டும். பின்னதற்கு வேறு வீடே தேட வேண்டும். குடியிருப்போருக்கு இந்த வேறுபாடு அற்பமானதா?

விருந்தினரைத் தம் வீட்டில் தங்கவைப்பதும் 'புட் அப்' தான். 'வீ கேன் புட் யூ அப் ஃபார் த நைட்' என்று ஒருவர் சொன்னால், இன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்று அழைக்கின்றார் என்று கொள்க. விளையாட்டில் தோற்ற அணியைக் குறித்து 'தே புட் அப் எ குட் ஃபைட்' என்பர். அது சண்டை போட்டார்கள் என்பதன்று. தோற்றாலும் தளராது எதிர்த்து நின்றார்கள் என்னும் பாராட்டு.

நம் அலுவலகங்களுக்கே உரிய வழக்கு ஒன்றும் உண்டு. கோப்பின் ஓரத்தில் 'ப்ளீஸ் புட் அப்' என்று அதிகாரி எழுதினால், உத்தரவுக்காகச் சமர்ப்பிக்க என்பது பொருள். இது இந்திய அலுவலகங்களில் வேரூன்றிய வழக்கு. காகிதக் கட்டுகள் குறைந்து, கணினித் திரையில் கோப்பு நகரும் இந்நாளிலும் இச்சொல் ஓய்வு பெறவில்லை.

இனி, 'வித்' என்னும் மூன்றாம் சொல் வந்து சேர்ந்தால் நிகழ்வதைக் காண்க. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள், சகித்துக்கொள் என்பதாம். 'வீ புட் அப் வித் த நாய்ஸ்' என்றால், இரைச்சலைச் சகித்துக்கொள்கின்றோம். ஆனால் கோப்பிலே 'புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்' என்று எழுதியிருந்தால், முந்தைய காகிதங்களைச் சகித்துக்கொள் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது! அவற்றையும் இணைத்துச் சமர்ப்பிக்க என்பதே கருத்து. சொற்கள் மூன்றும் ஒன்றே. இடமும் சூழலும் பொருளை மாற்றிவிட்டன.

இலக்கண நுட்பம் ஒன்றையும் இளைஞர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். 'புட் அப் த நோட்டீஸ்' என்றும் சொல்லலாம். 'புட் த நோட்டீஸ் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் 'இட்' என்னும் சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவிலேதான் அமரும்: 'புட் இட் அப்'. 'புட் அப் இட்' என்பது வழு. சகித்தல் பொருளிலோ, 'இட்' கடைசியில்தான் நிற்கும்: 'புட் அப் வித் இட்'.

இத்தகைய தொடர்கள் அயலாருக்கு இடர் விளைப்பன என்பதை ஆங்கில அறிஞர்களே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். 1755-ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே இதனைக் குறிப்பிட்டிருக்கின்றார். இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் பெயர் பரவியதற்கு, லோகன் பியர்சல் ஸ்மித் என்பார் 1925-இல் வெளியிட்ட நூல் ஒரு காரணம். ஆகவே, விளங்கவில்லையே என்று நாம் நாணவேண்டுவதில்லை.

அஃதன்றியும், நம் தாய்மொழியே இவ்வித்தையை நமக்கு முன்னரே கற்பித்திருக்கின்றது. 'கொள்' என்பது ஒரு வினை. பயணத்தை மேற்கொள்கின்றோம், மருந்தை உட்கொள்கின்றோம், விருந்தினரை எதிர்கொள்கின்றோம். வினை ஒன்றே; முன்னிற்கும் மேல், உள், எதிர் என்னும் சிறுசொற்கள் பொருளை மாற்றுகின்றன. வண்டி 'புறப்பட்டது' என்கின்றோமே, அதனைப் புறம் என்றும் படு என்றும் பிரித்து அகராதியில் தேடும் வடநாட்டு நண்பர் என்ன பாடுபடுவார்! 'விட்டுக்கொடு' என்பதற்கு, விடுவதா, கொடுப்பதா என்று கேட்கமாட்டாரா? ஆங்கிலத்தார் சிறுசொல்லைப் பெரும்பாலும் வினைக்குப் பின் வைக்கின்றனர். மேற்கொள், உட்கொள் போன்றவற்றில் நாம் முன் வைக்கின்றோம். வழி வேறாயினும் வித்தை ஒத்ததே.

ஆதலின் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். தனிச்சொற்களை மனப்பாடம் செய்வதை விடுத்து, முழு வாக்கியங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் வாரம் ஒரு தொடரை எழுதி, அதனைக் கொண்டு மூன்று வாக்கியங்கள் அமையுங்கள். அவற்றுள் ஒன்றையேனும் அவ்வாரத்திலேயே வாய்விட்டுப் பேசுங்கள். எவரேனும் நகைத்தால் நகைக்கட்டும். பேசாத வாய்க்கு மொழி வசப்படாது. பெற்றோரின் உச்சரிப்பைக் கண்டு சிரிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: மேற்கொள், எதிர்கொள் என்பவற்றை உங்களுக்குப் பிழையறக் கற்பித்தவர்கள் அவர்களே.

ஊரை விட்டு வந்த நாம் பலவற்றைச் சகித்துக்கொண்டே வாழ்கின்றோம். மின்சார ரயிலின் நெரிசலையும் குறுகிய அறையையும் 'புட் அப் வித்' செய்யலாம். ஆனால் நேர்மையற்ற சொல்லையும், உரிமையைப் பறிக்கும் செயலையும் கண்டவிடத்து, 'ஐ வில் நாட் புட் அப் வித் திஸ்' என்று நிமிர்ந்து சொல்லவும் நமக்கு மொழி வேண்டும். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல் கிடைக்காதவனை உலகம் பொறுமைசாலி என்று எண்ணிவிடும். அந்நிலை நம் பிள்ளைகளுக்கு வாராதிருக்கவே இச்சிறு தொடரை இத்துணை விரித்துரைத்தேன்.