பார்த்தவரும் கேட்டவரும்



லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. வட்ட வடிவம். குறுக்களவு சுமார் 18 சென்டிமீட்டர். மேலே சிறிய கைப்பிடி போல ஒரு நீட்டல், அதில் ஒரு துளை. கண்ணாடி என்றதும் ரசம் பூசிய கண்ணாடியை நினைத்துவிடாதீர்கள். இது கல். எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து இறுகினால் உண்டாகும் அப்சிடியன் என்ற கல்லைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் உருவம் தெரியும். ஆனால் ஆழ்கிணற்றை எட்டிப் பார்த்தது போல, மங்கலாக, எங்கோ அடியில் தெரியும்.

2021இல் ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ்-கதிர் கொண்டு இந்தக் கல்லின் கூறுகளை அளந்தார்கள். மெக்சிகோவில் பச்சூக்கா என்ற பகுதியில் கிடைக்கும் கல் இது என்று தெரிந்தது. அங்கே வாழ்ந்த அஸ்டெக் மக்கள் இத்தகைய கண்ணாடிகளைச் செய்தார்கள். அவர்களுடைய பெருந்தெய்வங்களில் ஒன்றான தெஸ்கத்லிபோக்காவுக்கு அடையாளமே இந்தக் கண்ணாடிதான். கடல் கடந்து ஐரோப்பாவுக்கு வந்த அந்தக் கல், 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளரின் கைக்கு வந்தது. டாக்டர் ஜான் டீ ஆவிகளை அழைக்கப் பயன்படுத்திய கல் இது என்று அவர் அதன் உறையில் எழுதி வைத்தார். இந்தக் குறிப்பிட்ட கல் டீயிடம் இருந்ததற்கு வால்போலின் அந்தக் குறிப்பைத்தான் சான்றாகச் சொல்கிறார்கள். ஆனால் டீ ஆண்டுக்கணக்கில் ஆள் வைத்துக் கல்லைப் பார்க்கச் சொன்னார் என்பதற்குச் சான்று கட்டுக்கட்டாக இருக்கிறது. எல்லாம் அவரே தம் கையால் எழுதியது.

யார் இந்த ஜான் டீ? 1527இல் பிறந்தவர். கணித அறிஞர். யூக்ளிடின் வடிவியல் நூல் 1570இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு நீண்ட முன்னுரை எழுதியவர். கடலோடிகளுக்கு வழி கணிக்கச் சொல்லிக்கொடுத்தவர். முதலாம் எலிசபெத் முடிசூட நாள் குறித்துக் கொடுத்தவரும் அவர்தான். தேம்ஸ் நதிக்கரையில் மோர்ட்லேக் என்ற ஊரில் இருந்த அவருடைய வீட்டில் அச்சு நூல்களும் கையெழுத்துச் சுவடிகளுமாக ஏறத்தாழ 4,000 இருந்தன. அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று அது.

அத்தனையும் படித்த பிறகு அவருக்கு ஒரு குறை வந்தது. உலகம் எப்படி இயங்குகிறது என்ற மூல ரகசியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்த மனிதரும் அதைச் சொல்லித்தர முடியாது என்று நம்பத் தொடங்கினார். அந்தக் காலத்துத் தீர்க்கதரிசிகளுக்கு இறைவன் தூதர்களை அனுப்பினாரே, எனக்கும் அனுப்பக்கூடாதா என்று மன்றாடினார். இதைச் சூனியம் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஜெபம்.

ஒரே ஒரு தடை. ஜான் டீ கல்லைப் பார்த்தால் கல்தான் தெரிந்தது. அவருக்காகப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் தேவைப்பட்டார். முதலில் வந்த ஒருவர் நிலைக்கவில்லை. 1582 மார்ச் மாதத்தில் எட்வர்ட் கெல்லி வந்து சேர்ந்தார். வேறு பெயர் சொல்லித்தான் அறிமுகமானார். அவருக்கு வயது 26, டீக்கு 54. பிறகு ஆண்டுக்கு 50 பவுன் தருவதாக டீ வாக்களித்தார்.

அந்த அறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நடுவில் ஒரு மேசை. அதன் மேல் மெழுகால் வார்த்த ஒரு பெரிய வட்டத் தகடு, அதில் இறைவனின் பெயர்களும் நட்சத்திரக் கோடுகளும் கீறியிருக்கும். மேசையின் நான்கு கால்களுக்கு அடியிலும் அதே போன்ற சிறு தகடுகள். மேலே பட்டுத்துணி. துணியின் மேல் சட்டத்தில் பதித்த படிகக் கல். இருவரும் முதலில் ஜெபிப்பார்கள். பிறகு கெல்லி கல்லின் முன் அமர்வார். டீ பக்கத்து மேசையில் பேனாவோடு காத்திருப்பார். கெல்லி பேசப் பேச, ஒரு சொல் விடாமல் டீ எழுதுவார். கல்லுக்குள் எப்போது திரை விலகியது, யார் வந்தார், என்ன உடை, எந்தக் கையில் என்ன, கெல்லி எங்கே தயங்கினார், எல்லாமே அதில் இருக்கும்.

1583 மே 28 அன்று எழுதியதைப் படித்தால் மனம் இளகிவிடும். ஏழு வயதோ ஒன்பது வயதோ இருக்கும் ஒரு சிறுமி தோன்றினாள் என்கிறார் கெல்லி. முன்முடியைச் சுருட்டி மேலே கட்டி, பின்முடியை நீளத் தொங்கவிட்டிருக்கிறாள். அவள் கவுன் ஒரு பக்கம் பார்த்தால் பச்சை, ஒரு பக்கம் பார்த்தால் சிவப்பு. டீயின் புத்தக அடுக்குகளுக்கு இடையே ஓடி ஒளிந்து விளையாடுகிறாள். பெயர் மதிமி. டீ அந்தச் சிறுமியைத் தம் கண்ணால் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆனாலும் பின்னாளில் தமக்குப் பிறந்த மகளுக்கு மதிமியா என்று பெயர் வைத்தார்.

டீயின் குறிப்புகளில் ஒரு பகுதி நம் கைக்கு வந்ததே பெரிய சங்கதி. டீ இறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், லண்டனில் மிட்டாய்க் கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வாங்கிய பழைய மரப்பெட்டி ஒன்றில் ரகசிய அறை இருப்பதை 1662இல் கண்டுபிடித்தார்கள். உள்ளே கத்தை கத்தையாகக் காகிதம். என்னவென்று புரியாததால் வீட்டில் வேலை செய்த பெண் அவற்றில் பாதியளவைப் பலகாரத் தட்டுக்கு அடியில் போட்டுத் தீர்த்துவிட்டாள். 1666இல் லண்டன் பற்றி எரிந்தபோது பெட்டி எரிந்தது, காகிதத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். 1672இல் எலியாஸ் ஆஷ்மோல் என்ற அறிஞர் அவற்றைப் பெற்றுப் பாதுகாத்தார்.

சரி, கெல்லி பொய் சொன்னாரா? எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. சில நாள் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அதோடு விஷயத்தை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. கெல்லி பலமுறை இந்த வேலையே வேண்டாம் என்று சண்டை போட்டார். வருவது தேவதூதர்களா, நம்மை ஏய்க்கும் தீய ஆவிகளா என்று டீயிடமே கேட்டார். ஏமாற்றிப் பிழைக்க வந்தவர் தம் சரக்கைத் தாமே சந்தேகிக்க வேண்டியதில்லையே. அவர் கண்ணுக்கு ஏதோ தெரிந்திருக்கத்தான் வேண்டும்.

தெரியவும் செய்யும். உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும்கூடத் தெரியும். 1804இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். ஒரே புள்ளியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், அதைச் சுற்றி இருப்பவை மெல்ல மங்கி மறைந்துவிடும். மாறாத காட்சியைக் கண் தொடர்ந்து சொல்வதில்லை. விட்டுப்போன இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். இத்தாலியில் ஊர்பினோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொவான்னி கபூட்டோ 2010இல் வெளியிட்ட சோதனை இன்னும் வியப்பானது. 50 பேரை ஒவ்வொருவராக மங்கலான அறையில், முதுகுக்குப் பின்னால் விளக்கை வைத்து, கண்ணாடியில் தங்கள் முகத்தையே 10 நிமிடம் பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே முகம் மாறத் தொடங்கியது. 66 சதவீதம் பேர் தங்கள் முகம் கோரமாக உருமாறியதைக் கண்டார்கள். 28 சதவீதம் பேருக்கு முன்பின் தெரியாத ஒருவர் தெரிந்தார். 18 சதவீதம் பேருக்கு அப்பாவோ அம்மாவோ தெரிந்தார்கள். அவர்களில் சிலருடைய பெற்றோர் இறந்துபோனவர்கள். 48 சதவீதம் பேர் கற்பனை உருவங்களையும் பூதங்களையும் கண்டார்கள். இவர்கள் யாரும் குறி கேட்க வந்தவர்கள் இல்லை.

உள்ளே தெரிவது எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. லண்டனில் ஆன்ம ஆய்வுச் சங்கம் என்று ஒன்று 1882இல் தொடங்கியது. அதில் ஏடா குட்ரிச் ஃப்ரீயர் என்ற பெண்மணி தாம் படிகம் பார்த்த அனுபவங்களை 1889இல் எழுதினார். அவருடைய நேர்மையைப் பற்றிப் பின்னாளில் வேறு விஷயங்களில் கேள்விகள் எழுந்தன. ஆனாலும் இந்த ஒரு குறிப்பு முக்கியமானது, ஏனென்றால் அது அவர் பெருமையைக் கூட்டவில்லை. அறிமுகமான ஒரு பெண்மணி இறந்த செய்தி, நாளிதழ் அறிவிப்பாகவே அவருக்குப் படிகத்தில் தெரிந்தது. தேடிப் பார்த்தால் முந்தைய நாள் இதழில் அந்த அறிவிப்பு அப்படியே இருக்கிறது. அந்த இதழைத்தான் கணப்பின் அனல் முகத்தில் படாமல் மறைக்க அவர் கையில் பிடித்திருந்தார். படித்ததாக நினைவே இல்லை. கண் படித்திருக்கிறது, கல் அதை எடுத்துக் காட்டியிருக்கிறது.

ஆக, கல்லில் ஏதோ தெரிகிறது என்பதை நான் மறுக்கவில்லை. தெரிந்ததற்கு அர்த்தம் சொல்வது யார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கல்லைப் பார்ப்பவர் ஒருவர். கேள்வி கேட்பவர் இன்னொருவர். கேட்பவருக்கு ஒரு தவிப்பு இருக்கிறது. பார்ப்பவருக்கு அந்தத் தவிப்பு தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குறி பிறக்கிறது.

எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எகிப்து மக்களின் வாழ்க்கையைப் பற்றி 1836இல் வெளியிட்ட நூலில் கெய்ரோ மந்திரவாதி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே கல் கிடையாது. ஒரு சிறுவனின் உள்ளங்கையில் மை ஊற்றி, அதைப் பார்க்கச் சொல்வார்கள். சாம்பிராணி புகையும். முதலில் ஒருவர் தரையைப் பெருக்குவது தெரிகிறதா என்பார் மந்திரவாதி. தெரிகிறது என்பான் பையன். பிறகு கொடிகள், பிறகு கூடாரம், பிறகு சுல்தான். எது தெரிய வேண்டும் என்பது முன்கூட்டியே சொல்லப்படுகிறது, கவனித்தீர்களா?

நம் பக்கத்தில் மை போட்டுப் பார்ப்பது என்றால் பெரியவர்களுக்கு உடனே புரியும். வெற்றிலையில் மை தடவி, விளக்குக்கு முன்னால் ஒரு பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நகை காணோம், மாடு காணோம், வீட்டை விட்டுப் போன பையன் எங்கே என்று கேட்பார்கள். பெரும்பாலும் நகைதான். "யாரோ வர்றாங்களா, நல்லாப் பாரு கண்ணு. ஆணா, பொண்ணா? சேலை என்ன கலரு? நம்ம வீட்டுக்கு வந்து போற ஆளுதானே?" பிள்ளை முதலில் விழிக்கும். சுற்றி நிற்பவர்கள் மூச்சுக்கூட விடாமல் நிற்பார்கள். கேட்பவர் குரல் எந்தச் சொல்லில் ஏறுகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். சிவப்புச் சேலை என்று சொன்னதும் கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழும். அவ்வளவுதான், வீட்டு வேலைக்கு வருகிற ஒரு பெண்ணின் தலையில் திருட்டுப் பழி விழுந்துவிடும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அந்த வீட்டில் அவள் மேல் இருந்த சந்தேகத்தைத்தான் அந்தக் குழந்தை வாய்விட்டுச் சொன்னது. மை பொய் சொல்லாது என்று ஊர் நம்பிவிட்டால் அவள் எங்கே போய் முறையிடுவாள்? இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டீயின் கதையும் இப்படி ஓர் இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. 1583 செப்டம்பரில் இருவரும் குடும்பத்தோடு போலந்துக்குப் புறப்பட்டார்கள். கிராக்கோவ், பிறகு பிராக். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபைச் சந்தித்து, உம் பாவங்களைத் தேவதூதர் கண்டிக்கிறார் என்று டீ முகத்துக்கு நேரே சொன்னார். 1586இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பொஹீமியாவில் ரோஸன்பெர்க் பிரபுவின் ஆதரவில் தங்கினார்கள். அங்கே 1587 வசந்தத்தில் கெல்லி இனிமேல் பார்க்க மாட்டேன் என்றார். டீ தம் மகன் ஆர்தரை உட்கார வைத்துப் பார்த்தார். ஆர்தருக்கு வயது எட்டுகூட நிரம்பவில்லை. பையனுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மறுபடியும் கெல்லியே வந்தார்.

இந்த முறை மதிமி சிறுமியாக வரவில்லை. வளர்ந்த பெண்ணாக வந்து ஒரு கட்டளை சொன்னாள் என்றார் கெல்லி: இருவரும் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துக்கொள்ள வேண்டும், மனைவியர் உட்பட.

டீ அதிர்ந்துபோனார். சொன்னதற்கு வேறு பொருள் இருக்குமோ என்று தேடினார், மன்றாடினார். கடைசியில் இறைவனின் கட்டளை என்று ஏற்றுக்கொண்டார். நள்ளிரவு தாண்டிய பிறகு மனைவி ஜேனிடம் சொன்னார். அவள் கால் மணி நேரம் நடுங்கி நடுங்கி அழுதாள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அத்தனை ஆண்டு அத்தனை பக்கங்களில், ஜேன் பேசும் இடம் மிகக் குறைவு. நால்வரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. எந்தத் தேவதூதரும் இறங்கி வந்து வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. பார்ப்பவர் சொன்னார், கேட்பவர் நம்பினார், விலையை வீட்டுப் பெண்கள் கொடுத்தார்கள்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்திருக்க முடியவில்லை. டீ 1589இல் இங்கிலாந்து திரும்பினார். அவர் இல்லாத நேரத்தில் நூலகத்திலிருந்து புத்தகங்கள் பெருமளவில் கொள்ளை போயிருந்தன. கெல்லி ருடால்ஃபிடம் பட்டமும் பெற்றார், பிறகு சிறையும் பெற்றார். அவர்கள் மறுபடி சந்திக்கவே இல்லை.

டீ நிறுத்தினாரா என்றால், இல்லை. பார்த்தலோமியூ ஹிக்மன் என்ற வேறொருவரைப் பார்க்க வைத்தார். ஒரு கட்டத்தில் நம்பிக்கை போய், 1600இல் அவர் பார்த்துச் சொன்ன குறிப்புகளைத் தீயில் போட்டார். பிறகு மறுபடி அவரையே அழைத்தார். 1607இல், 80 வயதை எட்டிய டீ மோர்ட்லேக்கில் ஹிக்மனை உட்கார வைத்துக் கேட்ட கேள்விகள் இருக்கின்றன. படைப்பின் ரகசியம் அவற்றில் இல்லை. தம் உடம்பின் உபாதைக்கு என்ன வழி, ஜெர்மனிக்கு ஒரு பயணம் போகலாமா என்று கேட்கிறார். ரஃபாயேல் தூதர் நலமாகிவிடும், போகலாம் என்று சொன்னதாக ஹிக்மன் சொன்னார். அந்தப் பயணம் நடக்கவில்லை.