'பாரியா': எங்கள் பெயர் போன தூரம்

(மணலூர்பேட்டையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவார்கள். ஏன் என்று கேட்டால், "இருக்கிற பேரைத்தானே சொன்னேன், அதிலென்ன தப்பு?" என்பார்கள். தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா நெரிசலில் தோள் இடித்துக்கொண்டாலும் சிலர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பறையன் என்பது வசையாகப் பிறந்த சொல் அல்ல. புறநானூற்றின் 335ஆம் பாட்டில், சிறப்பித்துச் சொல்லப்படும் நான்கு குடிகளில் ஒன்றாக அது வருகிறது. பறை என்ற கருவியிலிருந்து வந்த பெயர் என்பது பலரும் சொல்லும் விளக்கம். அயோத்திதாசப் பண்டிதர் அதை ஏற்கவில்லை. பௌத்தர்களாக இருந்தவர்களை இழிவுபடுத்தச் சூட்டிய பெயர் என்றார். அவருடைய மைத்துனர் இரட்டைமலை சீனிவாசனோ 1893-ல் தம் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். ஒரே குடும்பம்! ஒருவர் உதறிய பெயரை இன்னொருவர் கொடியாகத் தூக்கினார். இரண்டுமே போராட்டம்தான். பிறகு எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-ல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது.

அதற்கு வெகுமுன்பே அந்தச் சொல் கப்பலேறிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது ஒரு சாதியின் பெயர் மட்டுமே. பின்னர் யாரெல்லாம் ஒதுக்கப்பட்டவர்களோ அவர்களுக்கெல்லாம் 'பாரியா' என்று பெயராயிற்று. தெருநாய்க்கும் அதே பெயர். ருஷ்ய மொழியில் 'பாரியா', போலிஷில் 'பாரியாஸ்'. ஜெர்மனியில் மிகாயேல் பேர் என்ற யூத நாடகாசிரியர், தம் மக்கள் படும் பாட்டைச் சொல்ல 1823-ல் 'பாரியா' என்றே ஒரு நாடகம் எழுதினார். மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பாரியா மக்கள்' என்றார். ஐரோப்பாவின் சேரிக்குப் பெயர் வைக்க நம் சேரியின் பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த யூதர்களை ஏசும் சொல்லுக்கும் இதே கதைதான். போலிஷ் மொழியில் 'ழித்' என்றால் யூதர், அவ்வளவுதான். இன்றும் சாதாரணச் சொல். பக்கத்திலேயே ருஷ்ய மொழியில் அதே 'ழித்' கொச்சையான வசை. 2012-ல் உக்ரேன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், அங்கே பிறந்த ஹாலிவுட் நடிகை மிலா குனிஸை அந்தச் சொல்லின் பெண்பால் வடிவத்தால் குறிப்பிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், அகராதியில் உள்ள சொல்தானே என்று பதில் வந்தது. நம்ம ஊர் "இருக்கிற பேரைத்தானே சொன்னேன்" அங்கேயும் இருக்கிறது, பாருங்கள்.

அகராதியைக் காட்டுபவர்களுக்கு நம் உச்ச நீதிமன்றம் 2008-லேயே பதில் சொல்லிவிட்டது. ஸ்வரன் சிங் வழக்கு. 'சமார்' என்பது சாதிப் பெயர்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. சொல்லின் வேர்ப்பொருளைப் பார்க்கக் கூடாது, மக்கள் புழக்கத்தில் அது என்ன பொருளைப் பெற்றிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றது தீர்ப்பு. இழிவுபடுத்தும் நோக்கில் சொன்னால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். யாராவது வேர்ச்சொல் ஆராய்ச்சி பேசினால் இந்தத் தீர்ப்பை நினைவூட்டுங்கள். இரட்டைமலையார் தம் பெயராக எழுதியதும் இன்னொருவன் தெருவில் நின்று கத்துவதும் ஒன்றல்ல.

ஆனால் ஆங்கிலத்தில் எழுதுபவர்களை யார் கேட்பது? சவூதி அரேபியாவைப் 'பாரியா' ஆக்குவேன் என்று 2019-ல் தேர்தல் விவாத மேடையில் ஜோ பைடன் சொன்னார். அப்படி ஒரு மக்கள் உயிரோடு இருக்கிறார்கள், வாக்களிக்கிறார்கள், செய்தித்தாள் படிக்கிறார்கள் என்ற நினைப்பே அந்த மேடையில் இல்லை. எண்ணெய் வளம் கொழிக்கும் ஒரு மன்னராட்சியை இகழ, நிலமில்லாக் கூலிகளின் பெயர்!

உங்களில் சிலர் ஊடகங்களுக்கும் மொழிபெயர்ப்பு வேலைக்கும் போகப்போகிறீர்கள். அந்த ஆங்கிலச் சொல் மேசைக்கு வரும்போது 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று எழுதுங்கள். செய்தியில் ஒன்றும் குறையாது. ஆங்கிலத்திலேயே எழுதுகிற வேலை என்றால், ஆசிரியரிடம் போய் அது யாருடைய பெயர் என்று சொல்லுங்கள்.