ஒரு பெயர், ஒரு பட்டியல்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல்கலைக்கழக நூலகங்கள் ஒன்றுகூடி மின்னூல்களுக்கும் மின்னிதழ்களுக்கும் பொதுப் பட்டியல் அமைக்கும் முயற்சியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தார்கள். நான் பள்ளியிறுதி வகுப்போடு நின்றவன். நூலகக் கலை கற்றவன் அல்லன். ஆயினும் இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவனுக்குப் பட்டியலின் அருமை தெரியாமற் போகாது. ஏட்டில் ஏறாத சரக்கு, கிடங்கிலே கிடந்தாலும் இல்லாத சரக்கே யாகும். நூலும் அவ்வாறே. நூலகத்தில் ஒரு நூல் இருப்பது வேறு. அது இருப்பதைத் தேடி வருபவன் அறிவது வேறு. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே பட்டியல்.

ஒரு நூல் நூறு நூலகங்களுக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம். நூறு நூலகர்கள் அமர்ந்து, அதே நூலுக்கு நூறு அட்டை எழுத வேண்டுமா? ஒருவர் செவ்வையாக எழுதினால் ஏனையோர் அதனைப் பயன்படுத்திக் கொள்ளலாகாதா? இவ்வினா பழையது. அமெரிக்க நாட்டின் காங்கிரசு நூலகம் 1901ஆம் ஆண்டிலேயே தான் அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விலைக்குக் கொடுக்கத் தொடங்கியது. 1967இல் அந்நாட்டின் ஓகையோ மாநிலத்துக் கல்லூரிகள் ஒன்றுகூடி ஓர் அமைப்பை நிறுவின. 1971 முதல், ஒரு நூலகர் கணிப்பொறியில் எழுதிய பதிவை மற்றொரு நூலகர் தம் இருக்கையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் வழி பிறந்தது. ஓ.சி.எல்.சி. என்னும் பெயரோடு இன்று உலகெங்கும் பரவியிருப்பது அவ்வமைப்பே.

நம் நாட்டில் இதற்கு வழி கண்டவர் நம் தமிழ் மண்ணிற் பிறந்த ஒருவர் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். நூலக இயலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல் அடைத்து வைப்பதற்கன்று, படிப்பதற்கே. படிக்க வருபவனின் காலத்தை வீணாக்கலாகாது என்பன அவ்விதிகளின் சாரம். 1947 முதல் சில ஆண்டுகள் அவர் இத்தலைநகரிலே, தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலக இயல் கற்பித்தார். தெற்காசிய நூலகங்களில் எந்த அறிவியல் இதழ் எங்கே இருக்கிறது என்று காட்டும் கூட்டுப் பட்டியல் ஒன்று 1953இல் வெளிவந்ததும் அவர் முயற்சியாலேயே. ஒரு நூலுக்கு அது அச்சாகும் பொழுதே பட்டியலும் எழுதிவிட்டால், நாட்டிலுள்ள நூலகங்களுக்கெல்லாம் எத்துணை உழைப்பு மிச்சமாகும் என்று எடுத்துரைத்தவரும் அவரே.

அவர் விதைத்த விதை தில்லியிலே பின்னரும் முளைத்தது. உலோதித் தோட்டத்தை அடுத்துள்ள இந்தியப் பன்னாட்டு மையத்தில் 1988ஆம் ஆண்டு 'டெல்நெட்' என்னும் நூலக வலையமைப்பு தொடங்கியது. தில்லி நூலகங்களுக்கென்று எழுந்து, 1992இல் சங்கமாகப் பதிவு பெற்று, பின்னர் நாடெங்கும் கிளைத்தது. இன்று அதன் அலுவலகம் சவாகர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. ஒரு நூலகத்தில் இல்லாத நூல் எந்த நூலகத்தில் உள்ளது என்று அறிந்து, அங்கிருந்து இரவலாகப் பெற்றுத் தருவது அதன் முதன்மையான பணி. பல்கலைக்கழக மானியக் குழுவும் 1991இல் 'இன்ஃபிலிப்நெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, 1996இல் அதனைத் தன்னாட்சி பெற்ற மையமாக்கியது. இப்பொழுது குசராத்துக் காந்திநகரில் இயங்கும் அம்மையம், இந்தியப் பல்கலைக்கழகங்களின் நூற்பட்டியல்களை 'இண்ட்கேட்' என்னும் பெயரில் ஒன்றாகத் திரட்டி வருகிறது.

இனி, மின்னிதழுக்கு வருவோம். அச்சிட்ட நூலை ஒருமுறை பட்டியலில் ஏற்றினால் அது அலமாரியில் அமைதியாக அமர்ந்துவிடும். மின்னிதழோ அத்தகையதன்று. அது கட்டாக அஞ்சலில் வருவதில்லை. அதற்கு அலமாரியும் இல்லை. நூலகம் பணங்கொடுத்துப் பெறுவது படிக்கும் உரிமையை மட்டுமே. அவ்வுரிமை எந்த ஆண்டு இதழிலிருந்து தொடங்குகிறது, எந்த ஆண்டோடு முடிகிறது, எந்தப் பதிப்பகத்தின் தொகுதி வழியாக வருகிறது என்பனவெல்லாம் எழுதப்பட வேண்டும். பதிப்பகம் தன் இதழைப் பிறிதொரு பதிப்பகத்துக்கு விற்றால் முகவரி மாறும்; இதழின் பெயர் மாறினால் எண்ணும் மாறும்; சந்தா நின்றால் கதவு சாத்தப்படும். இம்மாற்றங்களை ஆயிரம் நூலகங்கள் தனித்தனியே துரத்திக்கொண்டிருப்பது, ஆயிரம் பேர் ஒரே கிணற்றுக்கு ஆயிரம் கயிறு திரிப்பதைப் போன்றது. ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்த வேண்டும். இதுவே கூட்டுப் பட்டியலின் உயிர்நாடி.

இதன் அவசரத்தை ஒரு கணக்கால் உணரலாம். 'ஒரே நாடு, ஒரே சந்தா' என்னும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25இல் இசைவளித்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை, மத்திய, மாநில அரசுகளைச் சார்ந்த 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கலாம் என்பது ஏற்பாடு. இதனை ஒருங்கிணைக்கும் பொறுப்பு இன்ஃபிலிப்நெட்டிடம் உள்ளது. சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்கும் தில்லி மாணவனுக்கும் ஒரே கதவு திறந்திருக்கிறது. ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியல் செவ்வையாக இல்லையேல், 6,000 கோடியும் இருட்டறையில் ஏற்றிய விளக்காகாமல், இருட்டறையில் பூட்டிய விளக்காகிவிடும்.

"இக்காலத்தில் பட்டியல் எதற்கு? கைப்பேசியில் தேடினால் எல்லாம் வருமே!" என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. தேடும் பொறி நாம் கொடுத்த எழுத்தைத் தேடுகிறது. ஆனால் இரண்டு பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றன என்பதை யாரேனும் எழுதி வைத்தாலன்றி அது உறுதியாகச் சொல்லமாட்டாது. உன் கல்லூரிக்கு எதனைப் படிக்கும் உரிமை உண்டு என்பதையும் அது தானாக அறியாது.

இரயில்வேயில் ஒரு நடைமுறை உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறியெழுத்து. சென்னை சென்ட்ரலுக்கு 'எம்.ஏ.எஸ்.' என்பது குறி. அது மதராசு என்னும் பழம்பெயரிலிருந்து வந்தது. 1996இல் நகரத்தின் பெயர் சென்னை என்றாயிற்று; 2019இல் நிலையத்தின் பெயரும் மாறிற்று. ஆயினும் குறி மாறவில்லை. பயணி எப்பெயர் சொன்னாலும் சீட்டு ஓரிடத்துக்கே கிடைக்கிறது. நூலாசிரியர்களுக்கும் இத்தகைய ஒரு குறி வேண்டும். நூலகத்தார் இதனைப் பெயர்க் கட்டுப்பாடு என்பர்.

தமிழர்களாகிய நமக்கு இதில் தனித்த இடர் உண்டு. தில்லிப் பள்ளியிலே பிள்ளையைச் சேர்க்கும் பொழுது 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தில் எதை எழுதுவது என்று திகைக்காத தமிழ்க் குடும்பம் இக்காலனியில் உண்டோ? அதே திகைப்புதான் பட்டியல் எழுதுவோருக்கும். உ. வே. சா. அவர்களின் பெயரில் 'உ' என்பது உத்தமதானபுரம் என்னும் ஊர். 'வே' என்பது தந்தையார் வேங்கடசுப்பையர். சாமிநாதையர் என்பதே அவர் பெயர். அதனைச் சாமிநாத ஐயர் என்பர் சிலர். சுவாமிநாதையர் என்பர் வேறு சிலர். ஐயர் என்பதையே குடும்பப் பெயராக்கி அங்கே கொண்டுபோய் வைப்பர் பிறர். ஆங்கில எழுத்திலோ கேட்கவே வேண்டா. சொ. விருத்தாசலமும் புதுமைப்பித்தனும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். பட்டியலுக்கு யாரேனும் சொல்ல வேண்டும் அன்றோ?

எழுத்துரு வேறு ஓர் இடர். யூனிகோடு நிலைபெறுமுன் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றப் பல முறைகள் வழங்கின. ஒரு முறையில் ஏற்றியதை வேறொரு பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் எழுதிய பதிவுகள் மாற்றப்படாமற் கிடந்தால், அந்நூல்கள் இருந்தும் இல்லாதனவே.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. மரக்கூழ்க் காகிதத்தில் அச்சான பழைய நூல்களும் இதழ்களும், காகிதத்திலுள்ள அமிலத்தால் ஆண்டுதோறும் பொடிந்து வருகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து ஆவணங்களுக்காக 2005இல் தோன்றிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஆகியன இவற்றை மின்வடிவாக்கிக் காத்து வருகின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த பொழுது, வேறெங்கும் படியில்லாத நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரே படி ஓரிடத்தில் இருப்பதன் அபாயம் அன்று நமக்குத் தெரிந்தது. எல்லார்க்கும் பொதுவான பட்டியல் இல்லையேல், ஒரே நூலை மூன்று இடங்களில் படம்பிடிப்பர். நான்காவது நூலை யாரும் தொடுவதற்குள் அது தூளாகியிருக்கும்.

கூட்டுப் பணி எளிதன்று என்பதையும் மறைத்தற்கில்லை. எல்லார்க்கும் பொது என்பது சில வேளைகளில் எவர்க்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஒரு நூலகம் பிழையாக எழுதினால் அப்பிழை நூறு நூலகங்களுக்குப் பரவும். ஆகவே, எழுதுவோர் யார், சரிபார்ப்போர் யார், ஐயம் எழுந்தால் தீர்ப்போர் யார் என்று வரையறை வேண்டும். அனைவரும் ஒரே விதியைப் பின்பற்ற வேண்டும். "எங்கள் நூலக வழக்கம் வேறு" என்னும் பிடிவாதம் தளர வேண்டும். தேர் ஓடுவது வடம் பிடிப்போர் தொகையால் மட்டுமன்று; எல்லாரும் ஒரு திசையில் இழுப்பதாலேயே.

நாம் செய்யத்தக்கது யாது? மூன்று சொல்வேன்.

முதலாவது, நம் சங்க நூலகத்தின் தமிழ் நூல்களுக்கு யூனிகோடு எழுத்தில், ஆசிரியர் பெயர், ஊர், பதிப்பகம், ஆண்டு, பதிப்பு ஆகியவற்றோடு பட்டியல் எழுதுவோம். வீட்டுப் பெட்டிகளிலே உறங்கும் பாட்டனார் காலத்து நூல்களையும் அதில் சேர்ப்போம். நூலை யாரும் கொடுக்க வேண்டா. அது இருக்கிறது என்னும் செய்தியைக் கொடுத்தாற் போதும்.

இரண்டாவது, ஒரு நூலைப் படம்பிடிக்குமுன் அது முன்னரே மின்வடிவாகியுள்ளதா என்று தேடிப் பார்ப்போம். இல்லாததற்கே நம் பொழுதையும் பொருளையும் செலவிடுவோம்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்திற் பயிலும் நம் பிள்ளைகள் நூலகரை அணுகி, டெல்நெட் வழியாக எதைப் பெறலாம், ஒரே சந்தா வழியாக எதைப் படிக்கலாம் என்று கேட்டறிய வேண்டும். தமிழ்ப் பெயர் ஒன்று பட்டியலில் பிழையாக இருப்பதைக் கண்டால் எழுதித் தெரிவிக்க வேண்டும். சாமிநாதையர் ஊர் ஊராய் நடந்து ஏடு தேடினார். நம் பிள்ளைகள் அவர் பெயரையேனும் சரியாக எழுதி வைக்கலாகாதா?

நம்முள் சிலர் பணி நிமித்தமும் பலர் பிழைப்பு நிமித்தமும் ஊரை விட்டு இத்துணைத் தொலைவு வந்தோம். வந்த இடத்திலே தமிழ் நூல் கேட்டு வருபவன், "இல்லை" என்னும் விடையோடு திரும்பலாகாது. "இங்கில்லை, இன்ன இடத்தில் உண்டு" என்று சொல்லவேனும் நம்மால் இயல வேண்டும். அடுத்த ஞாயிறு மாலை முதல் சங்க நூலகத்தில் பட்டியல் எழுதும் பணி தொடங்கும் என்று செயலாளர் அறிவித்துள்ளார். கணிப்பொறி பழகிய இளைஞர்களும், பழைய நூல்களின் வரலாறு தெரிந்த முதியவர்களும் ஒருசேர வருக என்று வேண்டுகின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!